ரூத் அக்கா நிறுத்திய வரி

ஃபீஜியில் நகாசியிலிருந்து தங்கை அழைத்தாள். "ரூத் அக்கா போயிட்டாங்க அண்ணா." பிரிஸ்பேனில் வேலைக்குக் கிளம்பிய நான் பூட்ஸைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

சுவாவில் நான் தச்சு வேலை பார்த்த பட்டறையின் தலைமை எழுத்தர் அவர். பழகியவர்களுக்குத் தெரியும், என்னிடமும் ஆண்டவரிடமும்தான் தமிழ். மற்ற எல்லாரிடமும் ஃபீஜி இந்தி. காலையில் கதவைத் திறந்ததும், சாவியைக் கையில் வைத்துக்கொண்டே, நல்வழி காட்டும்படி கேட்கும் பைபிள் சங்கீதம் ஒன்றை மனப்பாடமாகச் சொல்வார். நான் முருகனைக் கும்பிடுகிறவன். எங்கள் வீட்டில் சாமியிடம் மழை கேட்போம், கரும்பு விளையக் கேட்போம். புத்தி கேட்பது எனக்குப் புதிதாக இருந்தது.

"பதில் எப்படிக்கா வரும்? குரல் கேக்குமா?" என்று துளைத்தெடுப்பேன்.

"கேட்டா உனக்குத்தான் முதல்ல சொல்லுவேன். போ, ரம்பத்தைத் தீட்டு."

இராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு இந்தியர்கள் மத்தியில் வீட்டுக்கு வீடு பாஸ்போர்ட் பேச்சுதான். எங்கள் கூரையில் இரண்டு முறை கல் விழுந்தது. மனைவி கர்ப்பமாக இருந்தாள். நான் பயந்துபோயிருந்தேன். ஆஸ்திரேலியாவுக்கு ஏழு வருட அனுபவம் வேண்டும் என்றார் விண்ணப்பம் நிரப்பித் தந்தவர். எனக்கு நாலுதான். ஏழு என்று போட்டு அக்காவிடம் கடிதம் கேட்டேன். "நாளைக்குச் சொல்றேன் தம்பி" என்றார் அக்கா.

மறுநாள் தந்த கடிதத்தில் நாலு என்றே இருந்தது. "உங்க சாமிதான் எங்களைக் கல்லடி படச் சொல்லிச்சா?" என்று கத்திவிட்டேன்.

"அவரு ஒண்ணும் சொல்லல. என் மகன் கனடா போக நான் இல்லாததை எழுதிக் குடுத்தேன். பொய்யை என்னை விட்டு எடுத்துப் போடுன்னு அந்தச் சங்கீதத்துல ஒரு வரி வருது. அன்னையிலேர்ந்து அங்க வந்தா நின்னுடறேன். மேல சொல்ல வரல தம்பி."

அதன் பிறகு தினமும் காது கொடுத்துக் கேட்டேன். உண்மைதான். அந்த வரிக்கு முன்னால் நிறுத்திவிட்டு, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போவார். நின்றுபோனதுதான் பதிலோ என்று இன்றும் யோசிக்கிறேன்.

கோபம் ஆற எனக்கு ஒரு வருடம் ஆனது. மூன்று வருடம் கழித்து உண்மையான ஏழோடு விமானம் ஏறினேன். அப்போது தந்த புதுக் கடிதத்திலும் அவர் கையெழுத்துதான்.

நேற்று அவர் மகன் கனடாவிலிருந்து பேசினான். அடக்க ஆராதனையில் வாசிக்க, அம்மா தினமும் சொன்ன சங்கீதம் எது என்று கேட்டான். சொன்னேன்.

"முழுசா வாசிக்கச் சொல்றேன் அண்ணா. அம்மாவுக்குப் பிடிச்சதாச்சே."

"வாசிக்கச் சொல்லு" என்றேன்.

அவர் எந்த வரியில் நின்றார் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய் சொல்லியிருக்க மாட்டேன். கேட்காததால், அது என்னிடமே இருக்கிறது.