பதினோரு மணி வெயிலில் காபி

இருபத்துநான்கு வயதில் எனக்கு முழங்கால் வலி வந்தது. மாடிப்படி ஏறுவதற்குள் கைப்பிடியை நாலு முறை பிடிப்பேன். ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டர், வைட்டமின் டி ரொம்பக் குறைவு என்றார்.

"காபியைக் குறைச்சுக்கோங்க. தினம் கொஞ்ச நேரம் வெயில்ல நில்லுங்க. இந்தப் பவுடரை வாரம் ஒரு பாக்கெட், பால்ல கலந்து குடிங்க."

கூட வந்திருந்த அம்மாவுக்கு அவமானமாகப் போய்விட்டது. தாம்பரம் பஸ் ஸ்டாண்டு வரை பொருமிக்கொண்டே வந்தாள். "மெட்ராஸ்ல இருக்கறவளுக்கு வெயில் பத்தலையாம். வெளிய சொன்னா சிரிப்பாங்க."

சிரிக்க வேண்டியதுதான். ஆனால் நான் வெயிலில் நின்று வருஷக்கணக்காகியிருந்தது. கேளம்பாக்கத்தில் வேலை, மத்தியான ஷிப்ட். கார் வாசலுக்கே வரும், ஆபீஸ் ஜன்னல்களுக்குத் திரை போட்டிருக்கும். நான் வீடு திரும்பும்போது எங்கள் மாடம்பாக்கமே தூங்கிவிட்டிருக்கும். காலையில் தாமதமாக எழுந்து சமையலறைக்குப் போனால், அம்மா காபியை ஆற்றிக்கொண்டிருப்பாள். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். ஒரு நாளில் நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் அந்தக் காபி நேரத்தில்தான். மேனேஜரின் அல்பத்தனம், எதிர்வீட்டுக் கல்யாணம், எனக்கு வந்த வரன்களின் மூக்கு எல்லாம் அதற்குள் அலசி முடித்துவிடுவோம்.

மறுநாள் எழுந்து பார்த்தால் ஃபில்டர் பரண் மேல் ஏறியிருந்தது.

"குறைக்கத்தானேம்மா சொன்னார்?"

"குறைக்கறதாவது! குடிச்சா குடி, விட்டா விடு. நீ குடிக்காதப்ப எனக்கு மட்டும் என்னத்துக்கு?"

அந்த வாரம் முழுக்க அம்மா தலைவலியில் நெற்றியில் துணி கட்டிக்கொண்டு நடந்தாள். காபி இல்லாததால்தானா என்று கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டாள். நான் கேழ்வரகுக் கஞ்சியை நின்றபடியே குடித்துவிட்டுக் கிளம்பினேன். கஞ்சி குடிக்க யாராவது உட்கார்ந்து பேசுவார்களா? கால் வலியைவிட அதுதான் என்னைப் பயமுறுத்தியது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு அம்மாவை இழந்துவிடுவேன் போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை டிகாக்‌ஷன் வாசனையில் விழித்தேன். ஃபில்டர் மேடைக்குத் திரும்பியிருந்தது. அம்மா பவுடர் பாக்கெட்டைக் கத்தரித்து, நுரை பொங்கும் காபியில் கொட்டிக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா! பால்ல இல்ல கலக்கச் சொன்னார்?"

"காபில பால்தானே இருக்கு? வெயிலும் வேணும்னாரே, மேல வா."

மொட்டை மாடித் தரை பதினோரு மணிக்கே சுட்டது. தண்ணீர்த் தொட்டியின் நிழலில் தலையை வைத்து, கால்களை வெயிலில் நீட்டி உட்கார்ந்தோம். ஒரு வாரத்துப் பேச்சு பாக்கி இருந்தது. பக்கத்து மாடியில் துணி காயப்போட வந்த பக்கத்து வீட்டுக்காரி எங்களைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"இன்னாக்கா, இந்த வெயில்ல காபி குடிச்சிக்கினு கீறீங்க?"

"மருந்தும்மா" என்றாள் அம்மா, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

அடுத்த முறை டாக்டரிடம் சொன்னபோது அவர் வாய்விட்டுச் சிரித்தார். ஒரு காபி பரவாயில்லை, பவுடரை மட்டும் தனியாகப் பாலில் போடுங்கள் என்றார். அன்றிலிருந்து ஒரே காபிதான், அதுவும் மொட்டை மாடியில்தான்.

இப்போது கல்யாணமாகிக் கூடுவாஞ்சேரியில் இருக்கிறேன். வலி போய்விட்டது, பவுடரும் நின்றுவிட்டது. ஆனாலும் ஞாயிறு தவறாமல் மாடம்பாக்கம் போகிறேன். கூடுவாஞ்சேரி வீட்டுப் பால்கனியில் வெயிலே விழுவதில்லை என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

போன ஞாயிறு காபியை ஆற்றிக்கொண்டே அம்மா சொன்னாள். "உன் பால்கனி கிழக்கு பாத்ததுன்னு நீங்க பால் காய்ச்சின அன்னிக்கே பாத்துட்டேன்."

நான் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆறிடப்போவுது, குடி" என்றாள்.