காற்றில்லாத மண்டபம்

எனக்கு ஒரு இடத்தில் இருக்க வராது. மன்னார்ப் பக்கம் விடத்தல்தீவில் பிறந்த என்னை ஆறு வயதில் டென்மார்க்குக்குக் கொண்டுபோனார்கள். அங்கே குளிர்காலத்தில் பிள்ளைகளை மூடிய மண்டபங்களில் விளையாட விடுவார்கள். அப்படித்தான் பட்மின்டன் கைக்கு வந்தது. ஒற்றையர் ஆட்டம் எனக்குச் சரிவரவில்லை, இரட்டையர் பிடித்துக்கொண்டது. நின்ற இடத்தில் நிற்காமல் ஓடுவது அதில் குணம். வீட்டில் அதுவே குற்றம். பன்னிரண்டு வருடம் ஒருத்தியோடு ஜோடி சேர்ந்து ஆடினேன். முழங்கால் போனபிறகு பயிற்சியாளரானேன். எந்தக் கழகத்திலும் இரண்டு வருடம் முழுதாக இருந்ததில்லை. "நீ சூட்கேசை அவிழ்க்கிறதே இல்லை" என்று என் ஜோடி திட்டுவாள். உண்மைதான், அவிழ்த்தால் திரும்ப அடுக்கவேண்டுமே.

மன்னாருக்கும் அப்படித்தான் வந்தேன். ஆறு மாதம், திரும்பிப் போகும் டிக்கெட் கைப்பைக்குள். தீவின் பள்ளிக்கூடம் ஒன்றில் பின்னேரங்களில் பிள்ளைகளைப் பழக்கினேன். மண்டபம் கிடையாது. கடலுக்குப் பக்கத்தில் வெறும் மைதானம், இரண்டு கம்பம், ஒரு வலை. தென்மேற்கிலிருந்து சோழகக் காற்று அடித்தால் வலையே பாய்மரம் மாதிரிப் புடைத்து நிற்கும். பயிற்சி தொடங்கமுன் எந்தக் கழுதை மைதானத்துக்குள் படுத்திருக்கிறது என்று பார்த்துக் கலைக்கவேண்டும்.

அங்கேதான் இரட்டையர் ஆட்டத்துக்கு என் இரண்டு பிள்ளைகளையும் கண்டெடுத்தேன். ஒருத்தி மீன்பிடி வீட்டுப் பிள்ளை, வாயாடி, வலைக்குக் கிட்ட நின்று ஆடுகிறவள். மற்றவளின் வாப்பா டவுனில் கருவாட்டுக் கடை வைத்திருக்கிறார். அவள் பின்னுக்கு நின்று ஆடுவாள், அதிகம் பேசமாட்டாள். ஒவ்வொரு சேர்விஸுக்கும் முதல் தூரத்துக் காற்றாலைகளை ஒருதரம் பார்ப்பாள். அவை எந்தப் பக்கம் முகம் திருப்பி நிற்கின்றன என்று பார்த்துத்தான் அடிப்பாள்.

முதல் கிழமையே என் மானம் கப்பலேறியது. உயரமாக ஒரு ஷட்டில் கோட்டைத் தாண்டிப் போனது. "விடுங்கோ, அவுட்!" என்று கத்தினேன். பிள்ளைகள் விட்டார்கள். காற்று அதைத் திருப்பிக்கொண்டுவந்து கோட்டுக்குள் போட்டது. இரண்டுபேரும் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார்கள்.

"மிஸ், இது டென்மார்க் இல்லை" என்றாள் வாயாடி. "இஞ்ச காத்து கொண்டுவந்து தரும்."

எனக்கு விசர் வந்தது. ஆனால் அவள் சொன்னது சரி. அன்றிலிருந்து நானே கட்சி மாறினேன். "ஒண்டையும் விடக்கூடாது, நிலத்தில விழுமட்டும் அது எங்கட ஷட்டில்" என்று தினமும் சொன்னேன். விட்டவள் மைதானத்தை இரண்டு சுற்று ஓடவேண்டும். ஆறு மாதத்தில் 'விடு' என்ற சொல்லே அவர்கள் வாயிலிருந்து போய்விட்டது. எனக்குப் பெருமையாக இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கருவாட்டுக் கடைக்காரர் மாகாணப் போட்டிக்கு ஒரு மாதம் முன்பே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"மிஸ், நீங்கள் பொம்பிளை எண்டபடியால்தான் மகளை விட்டனான். வெண்டா மேல போகட்டும். தோத்தா அதோட நிப்பாட்டுவம். அவவுக்குப் பள்ளிக்கூடத்துச் சோதினையும் வருது."

அவள் நின்றால் மற்றவளும் நிற்பாள். சேர்ந்து ஆட அந்தப் பள்ளிக்கூடத்தில் வேறு பிள்ளை இல்லை. எனக்கு அன்றிரவு நித்திரையே வரவில்லை.

போட்டி பெருநிலத்தில், கதவெல்லாம் அடைத்த மண்டபத்தில். காற்று இருக்காது என்று முதலே சொல்லியிருந்தேன். சொன்னது தலைக்குப் போகும், கைக்குப் போகாது. இறுதி ஆட்டத்தில் முதல் செட் முழுவதும் பின்னுக்கு ஆடுகிறவள் ஒரு முழம் வெளியே குறிவைத்து அடித்தாள். திருப்பிக் கொண்டுவரக் காற்றில்லை, எல்லாம் வெளியே விழுந்தது. இடையில் அவள் அண்ணாந்து மண்டபத்துக் கூரையில் காற்றாலையைத் தேடினாள்.

செட் முடிந்ததும், "இல்லாத காத்துக்கு அடிக்காதேங்கோ, கோட்டுக்குள்ள அடியுங்கோ" என்றேன். கெட்டிக்காரப் பிள்ளைகள், இரண்டாவது செட்டை வென்றார்கள். மூன்றாவதில் பத்தொன்பதுக்கு இருபது, எதிராளிகள் ஒரு புள்ளி முன்னால், இன்னும் ஒன்று எடுத்தால் அவர்களுக்கு வெற்றி.

அப்போது எதிராளி தூக்கி அடித்தாள். கதிரையில் இருந்தே தெரிந்தது, அது இரண்டு முழம் வெளியே விழும். விட்டால் சமன். ஆட்டம் நடக்கும்போது பயிற்சியாளர் வாய் திறக்கக்கூடாது, ஜோடிதான் 'விடு' என்று சொல்லவேண்டும். வாயாடி வாயைத் திறக்கவில்லை. பின்னுக்கு நின்றவள் கோட்டைத் தாண்டி ஓடி, எட்டிப் பாய்ந்து அதை அடித்தாள். ஷட்டில் வலையில் விழுந்தது.

திரும்பி வரும்போது, ஆட்டம் பார்க்க வந்திருந்த கருவாட்டுக் கடைக்காரரும் எங்கள் வான் வண்டியில் ஏறினார். பின்னுக்கு ஆடுகிறவள் அழவில்லை. வழியில் உயிலங்குளத்தில் தேத்தண்ணிக்கு நிறுத்தினோம். அவளின் வாப்பா என் எதிரே வந்து இருந்தார்.

"மிஸ், கடைசியா அடிச்சது வெளிய போனதுதானே?"

"ஓம்."

"எனக்கே தெரிஞ்சுது. அவவுக்கு ஏன் தெரியேல்லை?"

பிள்ளை பதறிவிட்டாள் என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார். வெள்ளிக்கிழமை எனக்குப் பயணம், அதற்குப் பிறகு யார் என்னைக் கேட்கப்போகிறார்கள்? அவள் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவவுக்குத் தெரியும். விடக்கூடாது எண்டு நான்தான் பழக்கினனான். விட்டா ஓட வைச்சனான். பிழை என்ர."

அவர் தன் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"அப்ப தோத்தது அவ இல்லை, நீங்கள்."

"ஓம்."

"நீங்கள் பழக்கின பிழையை வேற ஆர் வந்து எடுக்கிறது? எப்ப பயணம்?"

"வெள்ளிக்கிழமை."

"அதுக்குள்ள எடுத்துப்போடுவியளோ?"

வாங்குப் பலகைக்குக் கீழே என் கால் ஆடிக்கொண்டிருந்தது. எழும்பி வானுக்குள் போய் இருந்துவிடலாம் போலிருந்தது. இப்படி எத்தனை இடத்திலிருந்து எழும்பிப் போயிருக்கிறேன்.

"ஏலாது" என்றேன். "டிக்கெட்டை மாத்திறன்."

அவர் மகளிடம் திரும்பினார். "தேத்தண்ணி ஆறுது, குடி. நாளைக்குப் பிராக்டிஸ் எல்லோ."

அப்போதுதான் அவள் அழத் தொடங்கினாள்.