பொய் மயக்கமும் மெய் மூச்சும்

டாக்டர் ஞானமுத்து காலமான செய்தி, ஆம்பூர் மைதானத்தில் நான் இடைவேளைக்கு எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தபோது வந்தது. பிற்பாதி ஆட்டத்தில் நம் கால்பந்து அணியில் ஒருவர்கூட மயங்கி விழவில்லை. அது எத்தனை பெரிய மரியாதை என்பது அவரை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் அணிக்கு வைத்தியராக வந்த புதிதில், மருந்துப் பையில் அவசரத்துக்கென்று ஒரு பிராந்தி புட்டி இருந்தது. மயங்கியவருக்கு ஒரு கரண்டி. அந்த வருஷம் நம்மவர்களின் உடல்நிலை கவலைக்கிடமாக இருந்தது. பந்து பட்டால் மயக்கம், படாவிட்டாலும் மயக்கம். ஒருமுறை கோல் போட்டவரே மயங்கினார். டாக்டர் பிராந்தியை எடுத்துவிட்டு, முகரக் கொடுக்கும் அம்மோனியாவை வைத்தார். நோய் ஒரே ஆட்டத்தில் ஊரைவிட்டு ஓடியது.

மருந்து தோற்றது ஓரிடத்தில்தான். நம் கோல்காப்பாளர் கரீம், தோல் பதனிடும் ஷெட்டில் சுண்ணாம்புத் தொட்டி வேலைக்காரர். அங்கே நாளெல்லாம் அதே நெடி. ஒருமுறை அவர் மயங்கி விழ, புட்டியை மூக்கருகே நீட்டியதும் கண்ணைத் திறக்காமலே, "இன்னா மேஸ்திரி, அதுக்குள்ள வேலைக்கு சங்கு ஊதிட்டாங்களா?" என்றார். டாக்டர் சிரித்து முடிக்கும்வரை ஆட்டம் நின்றது.

ஆகவே குடியாத்தம் அணியோடு ஆடிய அன்று, நாம் ஒரு கோல் முன்னால் இருக்கையில் கரீம் விழுந்தபோது யாரும் நம்பவில்லை. அம்மோனியாவுக்கு அவர் அசையவில்லை. "நேரம் கடத்துறான். அவனுக்கு அது அத்தர் மாதிரி," என்றார் குடியாத்தம் கேப்டன். நம் ஆட்களே சிரித்தார்கள்.

டாக்டர் குனிந்து காது கொடுத்தார். "மயக்கத்த நடிக்கலாம்யா. மூச்ச இப்படி நடிக்க முடியாது. தொண்ட அடைக்குது பாரு." கழுத்தில் தேனீ கொட்டிய தடங்கள், உதடு வீங்கி நீலம் பாய்ந்திருந்தது. டாக்டருக்கு மூச்சிழுப்பு நோய் உண்டு. தமக்கென்று சட்டைப் பையில் ஒரே ஒரு அட்ரினலின் குப்பி வைத்திருப்பார். அதன் கழுத்தை உடைத்து ஊசியில் ஏற்றி, கரீமின் கையில் குத்தினார்.

"உங்களுக்கு இழுத்தா இன்னா செய்வீங்க?" என்று கேட்டேன்.

"ஓடாம உக்காந்திருப்பேன். நான் இன்னா பந்தா ஆடப்போறேன்?"

சற்று நேரத்தில் கரீமின் மூச்சு சீரானது. எழுந்து பந்தைக் கேட்டார். ஊசியில் பலம் ஏற்றிக்கொண்டு ஆடுவது நியாயமா என்று குடியாத்தம் கேப்டன் ஆட்சேபித்தார்.

"உனக்கும் போடறேம்பா," என்றார் டாக்டர். "மொதல்ல போய் தேனீகிட்ட கொட்டு வாங்கினு வா."

ஆனாலும் கரீமை ஆட விடவில்லை. ஜட்காவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நாம் தோற்றோம். கமிட்டி விளக்கம் கேட்டது. "ஆட்டம் போச்சு, ஆள் இருக்கான். மாறி நடந்திருந்தா விளக்கம் சொல்லியிருப்பேன்," என்றார்.

மருந்துப் பை இப்போது புது டாக்டரிடம் இருக்கிறது. எனக்கு மிஞ்சியது, கூட்டத்தின் அபிப்பிராயம் கேட்கும் முன் மூச்சைப் பார்க்கும் பழக்கம். அடக்கத்தன்று கரீம் கல்லறையோரம் சரிந்து விழுந்தார். யாரோ அம்மோனியா எடுக்க ஓடினார்கள். நான் மூச்சைப் பார்த்தேன். விக்கி விக்கி, ஆனால் நன்றாகவே வந்தது. அழட்டும் என்று விட்டுவிட்டேன்.