அந்தோனியாருக்கு முன்னால் ஒரு பல்ப்

எங்கள் படகின் எஞ்சின் சூடாக இருந்தால் ஒரே தட்டில் கிளம்பிவிடும். இரவெல்லாம் மோதறைத் துறையில் கட்டிக் கிடந்த பிறகு காலையில் தட்டினால் ஸ்டார்ட்டர் முனகும், மெதுவாகச் சுற்றும், நின்றுவிடும். கொழும்பில் அப்படி என்ன குளிர்? கொட்டாஞ்சேனை வீட்டில் விடியற்காலையிலும் மின்விசிறி இல்லாமல் படுக்க முடியாது. ஆனாலும் அந்தச் சனியன் ஆறிப்போனால் எழும்பாது. மற்றப் படகுகள் போய் வலை போட்ட பிறகும் நாங்கள் கரையில் நிற்போம்.

டீசல் பில்டர் மாற்றினேன். குழாயில் புகுந்த காற்றை எடுத்தேன். இன்ஜெக்டர்களைக் கழற்றித் தெமட்டகொடையில் ஒரு பட்டறைக்குக் கொண்டு போனேன். பழுதில்லை என்று திருப்பித் தந்தார்கள். கோபத்தில் பற்றரியையே புதிதாக வாங்கிப் போட்டேன். கொஞ்ச நாள் ஒழுங்காகக் கிளம்பிவிட்டு, பிறகு பழையபடி முனகத் தொடங்கியது.

படகில் என்னோடு வேலைக்கு இரண்டு பேர். மூத்தவன் வாய்க்காரன். படகுக்குச் சொந்தக்காரன் என்று என்னைச் சம்மாட்டி என்பான்.

"சம்மாட்டி, உங்கட எஞ்சினுக்குச் சூடா ஒரு பிளேன்ரீ ஊத்திப் பாப்பமா? எழும்பினாலும் எழும்பும்."

"உன்ர வாயில ஊத்து முதல்" என்றேன்.

மற்றவன் சிரிக்கவில்லை. "வத்தளையில ஒரு படகுக்கு ஆள் கேக்கினம், அண்ணை. இந்தக் கிழமையும் இப்படியெண்டா நாங்கள் அங்க போறம்."

அவர்கள் போனால் படகைக் கரையில் ஏற்ற வேண்டியதுதான். தனியாக வலை இழுக்க எனக்கு இனி ஏலாது.

அன்றைக்கே எஞ்சின், லைற் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, பற்றரி வயர் ஒன்றைக் கழற்றி நடுவில் மீற்றரைக் கொடுத்துப் பார்த்தேன். படகு சும்மா கிடக்கிறது, கரண்ட் போய்க்கொண்டே இருக்கிறது.

"எங்கயடா போகுது இது?"

இரண்டு பேரும் சுக்கான் அறையைப் பார்த்தார்கள்.

அங்கே அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால் ஒரு சிவப்புப் பல்ப் எரிந்துகொண்டிருந்தது. லொறியின் பிரேக் லைற்றில் போடும் பெரிய பல்ப். என் மகன் இந்தப் படகிலிருந்து விழுந்து, உடலும் கிடைக்காமல் போன பிறகு, மனைவி நேர்த்தி வைத்து மாட்டியது. அவன் எங்கிருந்தாலும் அந்த வெளிச்சத்தைக் கண்டு வந்து சேர வேண்டும். இரவு பகல் எரியும், யாரும் தொட மாட்டோம். எல்லாவற்றையும் நிறுத்தியாயிற்று என்று நான் நினைத்தபோதும் அதை நான் நிறுத்தவில்லை. அது கரண்ட் தின்னும் ஒரு சாமான் என்று எனக்குப் படவே இல்லை.

"உங்களுக்குத் தெரியுமா இது?"

"தெரியும்தான்" என்றான் மூத்தவன். "அக்காட்ட ஆர் சொல்லுறது?"

நானே வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். சுற்றி வளைத்துப் பேச எனக்குத் தெரியாது.

"அந்தப் பல்ப்தான் பற்றரியைக் குடிக்குது. அதுக்குத் தனியா ஒரு சின்னப் பற்றரி போட்டுவிடுறன். அது எரியட்டும்."

"வேண்டாம்" என்றாள். "இவ்வளவு நாள் எரிஞ்சது. கண்டிருந்தா வந்திருப்பான்."

எனக்குக் கோபம் வந்தது. "அப்ப அவன் வரமாட்டான் எண்டு சொல்லுறியா?"

"நீங்கள்தானே அதை அண்டைக்கே சொன்னனீங்கள். நான்தான் கேக்கேல்லை."

மடித்த துணியை வைத்துவிட்டு என்னோடு படகுக்கு வந்தாள். பல்பை அவளே கழற்றினாள். சூடாக இருந்திருக்க வேண்டும். சேலைத் தலைப்பில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, சுரூபத்தைப் பார்க்காமல் இறங்கிப் போனாள்.

அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் பற்றரியை வெளியே சார்ஜ் போட்டேன். மூன்றாம் நாள் விடியற்காலையில் அதைத் திரும்பப் படகில் பூட்டித் தட்டினேன். எஞ்சின் ஒரே தட்டில் கிளம்பியது. வாய்க்காரன் வலையை எடுத்து அடுக்கினான். மற்றவன் போய்க் கயிற்றை அவிழ்த்தான். இரண்டு பேரும் வத்தளைக்குப் போகவில்லை, இன்னும் என்னோடுதான் இருக்கிறார்கள்.

நான் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சுரூபத்துக்கு முன்னால் இருட்டாகக் கிடந்தது. அன்று காலை மட்டும் எஞ்சின் கிளம்பாமல் இருந்திருக்கலாம்.