சோடா கடையில் பொங்கல் கொண்டாடிய பாக்டீரியா

ரங்கசாமி அண்ணன் போய்விட்டார். காலையில் அவர் மகள் போனில் சொன்னாள்.

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு சந்துக்குள் சோடா கடை வைத்திருந்தவர். தொண்ணூறுகளில் அங்கே குடித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம்...

அப்போது நான் எம்.எஸ்சி. கடைசி வருஷம். கார்பன் டை ஆக்சைடைச் சாப்பிட்டு, உடம்புக்குள் பிளாஸ்டிக் மாதிரி ஒன்றைச் சேர்த்து வைக்கும் நீலப்பச்சை பாக்டீரியாதான் என் ப்ராஜெக்ட். ஆனால் எங்கள் லேபில் கேஸ் சிலிண்டர் இல்லை.

சோடாவில் இருப்பதும் அதே கேஸ்தானே... போய்க் கேட்டேன். வெயில் படும் ஜன்னலோரப் பலகையைக் காலி செய்து கொடுத்தார். நான்கு கண்ணாடி பாட்டில்கள் வைத்தேன். தினமும் போய் ட்யூப் வழியாகக் கொஞ்சம் கேஸ் விடுவேன்.

அண்ணன் யாரையும் மரியாதை இல்லாமல் பேசமாட்டார். பாக்டீரியாவையும்தான். கொஞ்சம் லேட்டாகப் போனால், "அம்மணி, அவிங்க இன்னும் சாப்பிடலீங்க" என்பார்.

பொங்கலுக்கு அவிநாசிக்குப் போனபோது கேஸ் விடும் வேலையை அவரிடம் விட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் மூன்று பாட்டில்கள் பால் மாதிரி கலங்கிக் கிடந்தன. புளித்த நாற்றம் வேறு.

"நோம்பி நாளும் அதுவுமா வெறும் கேஸைக் குடுக்க மனசு வரலீங்க அம்மணி. ஆளுக்கு ஒரு ஸ்பூன் சக்கரை போட்டுப்போட்டேனுங்க."

சர்க்கரையில் வேறு கிருமிகள் பெருகி என்னுடையதை அழித்துவிட்டன. நான்காவது பாட்டிலுக்கு வருவதற்குள் டப்பா காலியாம். அதனால் அது மட்டும் பிழைத்தது.

ப்ராஜெக்ட் போனால் டிகிரி போச்சு. ஆட்கள் முன்னாலேயே கத்தினேன். படிக்காதவர் என்றுகூட ஏதோ... சொல்லியிருக்கக் கூடாது.

அவர் அதன்பிறகு அந்தப் பலகைப் பக்கம் ஒருத்தரையும் சாய விடவில்லை.

அந்த ஒரு பாட்டிலில் பாதியை எடுத்துக் காயவைத்துப் பிரித்ததில் அந்த பிளாஸ்டிக், நகம் அளவு வெள்ளை ஏடாகக் கிடைத்தது. அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். உள்ளங்கையில் வைத்து, பறந்துவிடுமோ என்று மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்.

"காத்துல இருந்து இதைச் செஞ்சாங்களா? கெட்டிக்காரங்கதான் போங்க."

பாஸானேன். பேங்க் வேலைக்கு வந்துவிட்டேன். ஒவ்வொரு பொங்கலுக்கும் போன் செய்வார். மிச்சமிருந்த பாதியைப் பற்றித்தான் முதல் கேள்வி. "அவிங்கெல்லாம் நல்லா இருக்காங்களா அம்மணி?"

"நல்லா இருக்காங்கங்ணா" என்பேன்.

வைவா முடிந்த மறுநாளே லேப் சிங்க்கில் கொட்டி பாட்டிலைக் கழுவிவிட்டேன். அண்ணா, இத்தனை வருஷமாக உங்களிடம் சொல்ல வாய் வரவில்லை...

மன்னிச்சுக்குங்ணா. போயிட்டு வாங்க.