உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்

வண்டியூர் தெப்பக்குளத்துக்கு அருகே ஒரு டயர் கடையின் மாடியில் நாங்கள் மூன்று பேர் வேலை பார்த்தோம். மதுரைப் பக்கத்து ஆட்கள், எந்த ஊரில் இருந்தாலும், ஒருவரையொருவர் கண்டுபிடித்துப் பேசிக்கொள்ள ஒரு வலைத்தளம். நான் கப்பலூர் பிளாஸ்டிக் கம்பெனியில் மெஷின் ஓட்டிவிட்டு, பிறகு கம்ப்யூட்டர் படித்தவன். கூட இருந்த பெண்ணின் அத்தா பழைய நகரத்தில் வளையல் கடை வைத்திருந்தார். மூன்றாமவன் உசிலம்பட்டிப் பக்கம், விவசாயக் குடும்பம். எங்களில் மூளைக்காரன் அவன்தான். ஒரே அக்கா, இறந்துவிட்டாள் என்று சொல்லியிருந்தான். அதற்கு மேல் நாங்கள் கேட்டதில்லை.

'உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்' என்று ஆட்களைக் காட்டும் பகுதியை எழுதியது அவன். விஷயம் எளிது. ஒருவர் போனில் இரண்டு பேரின் நம்பர் இருந்தால், அந்த இருவரையும் ஒருவருக்கொருவர் காட்டும். தளத்தில் ஏற்கெனவே சில நூறு பேர் தாங்களாகச் சேர்ந்திருந்தார்கள்; இதைச் சோதித்துப் பார்க்க வீட்டு ஆட்களையும் சேர்த்தோம். அவன் தன் அம்மாவையும் சித்தப்பாவையும் சேர்த்தான்.

ஒரு மத்தியானம் சாப்பிட்டு வந்து தன் பக்கத்தைத் திறந்தான். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண்ணின் படம் வந்தது.

"யாருண்ணே இது? அப்படியே ஒங்க மூஞ்சி" என்றாள் எங்கள் கூட்டாளிப் பெண்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். "எங்கக்கா" என்றான்.

நான் அவன் பக்கம் திரும்பினேன். "மாப்ள, செத்துப்போச்சுன்னு சொன்னியேடா?"

"வீட்ல அப்படித்தான் சொல்லணும். வேற சாதிப் பையனக் கட்டிக்கிட்டுப் போயிருச்சு. எங்கப்பா தலைமுழுகி, காரியமே பண்ணிட்டாரு. மொட்ட போட்டது நான்தான்."

யார் போன் வழியாக அக்கா வந்தாள் என்று தேடினான். அவனுடைய அம்மாவின் போன். அதில் 'பால் சொசைட்டி' என்ற பெயரில் அக்காவின் நம்பர் இருந்தது. காரியத்தன்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுத அம்மா, யாருக்கும் தெரியாமல் மகளோடு பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். அடுத்த நொடியே வெளிறியது.

"சித்தப்பா நம்பரும் அம்மா போன்ல இருக்குல்ல. அப்ப அவருக்கும் இவளக் காட்டும். அருவாளோட இவளத் தேடி அலைஞ்ச ஆளுடா அவரு."

அந்தப் பகுதி முழுவதையும் எடுத்துவிட்டான். நல்லவேளை, சித்தப்பா இன்னும் தளத்தைத் திறக்கவில்லை. ஆனால் அக்கா அன்று காலையிலேயே திறந்திருந்தாள். அவளுக்கு முதலில் வந்தது தம்பியின் படமா, சித்தப்பாவின் படமா என்று நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

'அக்கா, நான்தான். பயப்படாத' என்று செய்தி அனுப்பினான். அவள் படிக்கவே இல்லை. சாயங்காலத்துக்குள் கணக்கை அழித்துவிட்டாள். படமும் கூடவே போயிற்று. நம்பரில் கூப்பிட்டால் போன் அணைத்துவைக்கப்பட்டிருந்தது. மறுநாளும், அதற்கு மறுநாளும் அப்படியே.

இப்போது வேறு தளங்கள் எனக்குத் தெரிந்தவர்களைக் காட்டும்போது, மறுபக்கம் என் முகத்தைப் பார்த்து யார் திடுக்கிடுகிறார்களோ என்று தோன்றும். சட்டென்று மூடிவிடுவேன்.

அக்காவின் கணக்கு அழிந்து கொஞ்ச நாள் கழித்து அவனுடைய அம்மா டவுன் பஸ் பிடித்து எங்கள் மாடிக்கு வந்தார். கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"அவ நம்பரு போகவே மாட்டேங்குதுப்பா" என்றார். "பேரன் சத்தத்த மட்டும்தான் கேட்டுருக்கேன். நீ படத்தப் பாத்தேன்னியே. ஒருக்கா காட்டுறியா?"

"படம் இல்லம்மா. போயிருச்சு."

அவர் எழுந்திருக்கவில்லை. "அப்பச் சொல்லு. எப்படி இருந்தான்?"

அவன் நாற்காலியை அம்மாவின் அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "முடி சுருட்டையா, நெத்தியில விழுந்து கெடந்துச்சும்மா" என்று ஆரம்பித்தான். நானும் அந்தப் பெண்ணும் எழுந்து மாடிப்படிக்கு வந்துவிட்டோம். உள்ளே அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். ஒரு சின்னப் படத்தில் அவ்வளவு இருந்திருக்க முடியாது.