கேள்வி கேட்கக் கூடாத நாடகம்

என் வீட்டுக்காரர் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவர். வருகிறவர்களின் மூக்கில் கனமான ஒரு சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா? இப்போ?" என்று கேட்பார். இருபத்திரண்டு வருடமாக இதுதான் வேலை. கடையில் அவருக்குத் தங்கமான மனுஷன் என்று பெயர். குடித்தனம் நடத்துகிறவள் நான் அல்லவா, எனக்குத்தான் தெரியும்.

எதையும் சொல்ல மாட்டார். கேள்வி மட்டுமே கேட்பார். கல்யாணத்துக்கு முன்னால், "என்னைப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டேன். "உனக்கு?" என்றார். அன்றைக்கே நான் உஷாராகியிருக்க வேண்டும். கூச்சப்படுகிறார் என்று நினைத்து ஏமாந்தேன். மகள் பிறந்தபோது பெயர் சொல்லுங்கள் என்றதற்கு நர்ஸிடம், "நீங்களா இருந்தா என்ன வைப்பீங்க?" என்றார். நர்ஸ் சொன்ன பெயரோடுதான் அவள் இப்போது விடுதியில் தங்கிக் கல்லூரி படிக்கிறாள்.

இப்படியே காலத்தை ஓட்டியிருப்பேன். நான் ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் இருக்கிறேன். ஆறு மணி நேரம் தள்ளி இன்னொரு ஊரில் எங்கள் ஆஸ்பத்திரி புதுக் கிளை திறக்கிறது. அங்கே சலவைப் பிரிவு முழுவதையும் நீ பார்த்துக்கொள் என்றார்கள். பதினெட்டு வருடம் படுக்கை விரிப்பு மடித்து மேலே வந்தவளுக்கு ஆசை இருக்காதா? ஆனால் இவர் கூட வருவாரா, மாட்டாரா என்று தெரியாமல் எப்படிக் கையெழுத்துப் போடுவது? பதில் சொல்ல ஏழு வாரம் கொடுத்தார்கள்.

"என்னங்க, போகலாமா?"

"நீ என்ன நினைக்கிற?"

"நீங்க வருவீங்களா?"

"வந்தா நல்லா இருக்குமா?"

சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஆஸ்பத்திரி அறிவிப்புப் பலகையில் அந்தத் தாளைப் பார்த்தேன். வசனம் எழுதிக்கொள்ளாமல், நின்ற இடத்திலேயே கதை கட்டி நடிக்கும் நாடகத்துக்கு அடிப்படைப் பயிற்சி, ஆறு ஞாயிற்றுக்கிழமை. கீழே சிறிய எழுத்தில் இரண்டு விதி: எதிரில் இருப்பவர் சொன்னதை ஒப்புக்கொண்டு அதன்மேல் ஒன்றைச் சேருங்கள். கேள்வி கேட்காதீர்கள். இரண்டாவது விதியைப் படித்ததும் எனக்கு வாயெல்லாம் பல்.

இவர் பெயரைக் கொடுத்துவிட்டு வந்து சொன்னேன். "நான் போகணுமா?" என்றார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். நழுவிவிடுவார் என்று நானும் கூடத்தின் பின் பெஞ்சில் காவல் உட்கார்ந்தேன்.

கற்றுக்கொடுத்தவள் முப்பது வயதுப் பெண். இவரோடு ரொட்டிக் கடைக்காரர் ஒருவரைச் சேர்த்து, கப்பலில் நிற்கிறீர்கள், ஆரம்பியுங்கள் என்றாள்.

"அண்ணே, கப்பல்ல தண்ணி ஏறுது!" என்று கத்தினார் ரொட்டிக் கடைக்காரர்.

"எந்தப் பக்கம்?" என்றார் இவர்.

"இடது பக்கம்!"

"நிறையவா, கொஞ்சமா?"

கூடமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அண்ணா, கேள்வி வேணாம். நீங்களா ஒண்ணு சொல்லுங்க," என்றாள் அந்தப் பெண். "என்ன சொல்லட்டும்?" என்றார். கேள்வி வந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது அவள் வைத்த சட்டம். அன்றைக்கு ஒரே கப்பல் நான்கு முறை முழுகியது.

அடுத்தடுத்த வாரங்களிலும் முன்னேற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. "தண்ணி ஏறுதுன்னு நினைக்கிறேன், இல்லையா?" என்று கேள்விக்கு வேஷம் கட்டி விடக் கற்றுக்கொண்டார், அவ்வளவுதான். வாயைத் திறந்து ஒன்று சொன்னால் முத்தா உதிர்ந்துவிடும்? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். "கோவமா இருக்கியா?" என்று கேட்டார்.

ஐந்தாவது ஞாயிறு ரொட்டிக் கடைக்காரர் வரவில்லை. அந்தப் பெண் என்னை மேடைக்கு அழைத்தாள். இவர் செருப்புக் கடைக்காரர், நான் வாங்க வந்தவள்.

"என்ன அளவு?" என்றார் இவர், வழக்கம்போல.

"ஏழு. கறுப்புதான் வேணும். உங்க கிட்ட இல்லைன்னு தெரியும், சரி, அந்தப் பழுப்பையே எடுங்க," என்றேன். இரண்டு நிமிடத்தில் நாடகம் முடிந்துவிட்டது. நன்றாகச் செய்துவிட்டேன் என்று பெருமையாக நின்றேன்.

"அக்கா, அவர் கேட்டு முடிக்கல, அதுக்குள்ள நீங்க பதில் சொல்லிடறீங்க," என்றாள் அவள். "கடைக்காரர் சொல்ல வேண்டியதையும் நீங்களே சொல்லிட்டீங்க. அப்புறம் அவர் எதுக்கு வாயைத் திறக்கணும்? அடுத்த தடவை பதில் சொல்லாம நின்னு பாருங்க."

எனக்குச் சுருக்கென்றது. வந்த கோபத்தில் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆனால் அன்று மாலை, துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன். "நாளன்னைக்குள்ள எழுதிக் கொடுக்கச் சொல்லிட்டாங்க. என்ன சொல்றீங்க?"

"நீ என்ன நினைக்கிற?"

நான் பதில் சொல்லவில்லை. வாய் துறுதுறுவென்றது. தலையணை உறையை மடித்தேன். பிரித்து மறுபடி மடித்தேன். "உனக்குப் போகணும்னுதானே இருக்கு?" என்றார். அதற்கும் பேசவில்லை. நாற்காலியில் நெளிந்தார், எழுந்தார், ஜன்னல் வரை போய் வந்தார்.

"நீ போ," என்றார். "நான் வரல."

கை அப்படியே நின்றுவிட்டது.

"என் வேலை இங்க இருக்கு. புது ஊர்ல புதுசா ஆரம்பிக்க என்னால முடியாது. எனக்குப் பிடிக்கல. ஆனா நீ போகணும்."

"இதை முதல் நாளே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா அழுவ."

"நான் எங்க அழறேன்?" என்று அழுதுகொண்டே கத்தினேன். அவரும் குரலை உயர்த்தினார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நாங்கள் போட்ட முதல் சண்டை அதுதான். அதுவரை நான் மட்டுமே போட்டுக்கொண்டிருந்தேன்.

அழுது ஓய்ந்து, சம்மதப் படிவத்தை எடுத்தேன். பணியாளர் குடியிருப்பில் எத்தனை பேர் தங்குவீர்கள் என்று ஒரு கட்டம் இருந்தது. 'ஒருவர்' என்று எழுதி அவர் பக்கம் நகர்த்தினேன். முழுவதும் படித்தார். போகாமல் இருக்க முடியாதா என்று ஒரு வார்த்தை கேட்பார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை.